இரண்டு மணிக்கு இடப்பக்கம்

எங்கள் அண்ணிக்கு அவர் வேலை பார்க்கும் ஹோட்டலில் 'லிஸ்ட் மேடம்' என்று பெயர். வீட்டில் நான் வைத்திருந்த பெயர் இதைவிட மோசம். அதை எழுதினால் இப்போது எனக்குத்தான் அசிங்கம் என்பதால் விட்டுவிடுகிறேன்.

கல்யாணமாகி வந்த இரண்டாவது வாரமே எங்கள் மூன்று பேர் போனையும் வாங்கி, ஒரு செயலியை இறக்கி, குடும்பத்துக்கென்று ஒரு லிஸ்ட் தொடங்கிவிட்டார். மூன்று பேர் என்றால் அப்பா, அண்ணன், நான். அம்மா போய் ஆறு வருஷம் ஆகியிருந்தது. மூன்று ஆண்பிள்ளைகள் குடியிருந்த வீடு எந்த லட்சணத்தில் இருக்கும்? பாத்திரத் தொட்டிக்கு அடியில் கிடந்த துணியை அண்ணி இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார். போனை எடுத்துத் தட்டினார். 'சமையலறை' என்று ஒரு தலைப்பு வந்தது, அதற்குக் கீழே பதினோரு வேலைகள் வரிசையாக விழுந்தன. அதில் நான்கு என் பெயரில் இருந்தன.

மேலே இருப்பதை டாஸ்க் என்றும் கீழே இருப்பதை சப்டாஸ்க் என்றும் செயலி சொல்லும். அண்ணிக்கு அவை பெரிசு, குட்டி. "பெரிசை யாராலயும் செய்ய முடியாது தம்பி. குட்டியைத்தான் செய்ய முடியும்" என்பார். "ஒரு ஆளு ஒரே மூச்சுல முடிக்க முடியலைன்னா அது வேலை இல்ல, மூட்டை. அவிழ்த்துப் பிரிச்சு வைங்க." குட்டிகள் எல்லாம் முடிந்தால்தான் பெரிசுக்கு டிக் விழும். நேரம் தவறினால் சிவப்பாகும். அண்ணனுக்கு நீலம், எனக்கு ஆரஞ்சு, அப்பாவுக்குப் பச்சை. ஒருநாள் சாப்பிடும்போது, "அண்ணி, எனக்குத் தும்மல் வர மாதிரி இருக்கு, யார் பேர்ல போடப்போறீங்க?" என்று கேட்டேன். அப்பாவுக்குப் புரையேறிவிட்டது. அண்ணி சிரிக்காமல், "தும்முறது யாரா இருந்தாலும் பரவாயில்ல. கை கழுவுறது மட்டும் உங்க பேர்ல" என்றார்.

அண்ணன் ஒரு பெயிண்ட் கம்பெனியின் விற்பனை ஆள். திங்கட்கிழமை காலையில் பையோடு கிளம்பினால் சனிக்கிழமை சாயங்காலம்தான் தலையைக் காட்டுவார். நான் வீட்டிலிருந்தே வேலை செய்கிறவன். இணையத்தில் மிக்சியும் மெத்தையும் விற்கிறவர்களுக்கு வர்ணனை எழுதித் தருவேன். நான் ஒருநாளும் படுத்துப் பார்க்காத மெத்தையைப் பற்றி, 'உங்கள் முதுகுக்கு ஓர் அரவணைப்பு' என்று எழுதியவன் நான்தான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்பா டிரைவிங் ஸ்கூலில் முப்பது வருஷம் கற்றுக்கொடுத்தவர். பக்கத்து இருக்கையில் அவர், அவர் காலடியில் தனியாக ஒரு பிரேக். பெல்ட், கண்ணாடி, கியர் என்று ஒவ்வொன்றாகச் சொல்லவைத்து, எல்லாம் முடிந்த பிறகுதான் "போகலாம்" என்பார். அண்ணியின் லிஸ்ட் எங்களில் அவருக்கு மட்டும்தான் உண்மையாகவே பிடித்திருந்தது. சின்ன வயதிலேயே தன் அப்பா விட்டுவிட்டுப் போன வீட்டில் வளர்ந்தவர் அண்ணி. அவர் 'மாமா' என்று கூப்பிடும்போது அதில் இரண்டு சொல் இருப்பதுபோல் எனக்குக் கேட்கும். அண்ணிக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்ததும் அப்பாதான். ஒரு மாதத்தில் எட்டுப் போட்டுக் காட்டி லைசென்ஸ் வாங்கிவிட்டார். மூன்று முறை தோற்றவன் நான்.

இந்த லிஸ்ட் பைத்தியம் அண்ணிக்கு எப்படி வந்தது என்று ஒருமுறை அவரே சொன்னார். பத்தொன்பது வயதில் ஹோட்டலில் அறை சுத்தம் செய்யும் வேலைக்குச் சேர்ந்திருக்கிறார். ஒரு நாளைக்குப் பதினாலு அறை. மூன்றாவது மாதம் மேனேஜர் கூப்பிட்டு அனுப்பினார். மேஜையில் ஒரு வெள்ளைக் காகிதம், அதன்மேல் ஒரே ஒரு முடி. குளியல் தொட்டியில் இருந்து எடுத்தது. "இது உன் சம்பளத்தைவிடப் பெரிசா சின்னதா?" என்று கேட்டு, எல்லோர் முன்னாலும் அதைக் கையில் கொடுத்து அனுப்பினாராம். அன்றைக்கு ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கினார். ஒரு அறை என்பதை முப்பத்தோரு குட்டிகளாகப் பிரித்து எழுதினார். பதினைந்து வருஷத்தில் அந்த நோட்டு ஹோட்டலின் டேப்லெட்டுக்குள் போனது, அண்ணி மூன்று மாடிக்கு மேற்பார்வையாளர் ஆனார்.

முடி கொடுத்து அனுப்பிய மேனேஜரைவிட அண்ணி இளகியவர் என்று நினைத்துவிடாதீர்கள். ஒருநாள் அவருக்குக் கீழே வேலை செய்த ஒரு பெண், கழிப்பறைக்குப் பின்புறம் துடைக்காமலே டிக் போட்டிருந்தாள். அண்ணி மண்டியிட்டு விரலை விட்டுத் தடவி, அந்த விரலை அவள் முகத்துக்கு நேரே நீட்டி, "டிக் போட்டது யாரு, துடைச்சது யாரு?" என்று கேட்டார். குழந்தைக்கு உடம்பு சரியில்லை, ஒரே ஒரு நாள்தான் மேடம் என்று அந்தப் பெண் அழுதாள். அவளை அன்றைக்கே அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது நான், "பாவம் அண்ணி" என்றேன்.

"அழுக்கை விட்டிருந்தா மன்னிச்சிருப்பேன். மறந்துட்டேன்னு சொல்லியிருந்தா நானே துடைச்சிருப்பேன். பொய் டிக் போட்டா அந்த ரூமுக்குள்ள இனிமே யாருமே போய்ப் பார்க்க மாட்டாங்க தம்பி. அழுக்கு அங்கேயே உக்காந்து வளரும்."

அப்பா தலையை ஆட்டி ஆமோதித்தார். எனக்கு அந்தப் பெண்ணின் குழந்தைக்கு என்ன ஆயிற்றோ என்றுதான் தோன்றியது. அப்போதெல்லாம் நான் இரக்கமுள்ளவன்.

அதற்கு அடுத்த வருஷம், ஷேவ் செய்துகொண்டிருந்த அப்பா கண்ணாடி முன்னால் சரிந்தார். பக்கவாதம். வலப்பக்கம் முழுக்கப் போய்விட்டது. பேச்சும் போய்விட்டது, ஒரே ஒரு சொல்லைத் தவிர. பசிக்கிறதா என்றால் "போகலாம்". வலிக்கிறதா என்றால் "போகலாம்". டாக்டர் அவர் பெயரைக் கேட்டதற்கும் "போகலாம்" என்றார். நானும் அண்ணனும் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று சிரித்துச் சிரித்துக் கடைசியில் அழுதோம். அண்ணி மட்டும் உள்ளே உட்கார்ந்து, நர்ஸ் சொல்லச் சொல்லத் தட்டிக்கொண்டிருந்தார்.

நர்ஸ் சொன்னதில் மற்றதெல்லாம் சாதாரணம். ஒன்றை மட்டும் மூன்று தடவை சொன்னார். "ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்க வைக்கணும். இடது, மல்லாக்க, வலது. சுகர் வேற இருக்கு. ஒரே பக்கமா கிடந்தா தோலு செத்துடும். படுக்கைப் புண்ணு வந்துட்டா, அவரைக் கொல்ல வேற எதுவும் வேணாம்."

வீட்டுக்கு வந்த அன்றைக்கே 'மாமா' என்று ஒரு பெரிசு வந்தது. அண்ணன், "எங்களுக்கு அவரு அப்பாவாச்சே" என்றதும் அண்ணி கர்மசிரத்தையாக 'மாமா / அப்பா' என்று மாற்றினார். அதற்குக் கீழே மாத்திரை, கஞ்சி, தண்ணீர், டயப்பர் என்று ஒரு பட்டாளம். திருப்புவது மட்டும் ஒரு நாளைக்குப் பன்னிரண்டு குட்டிகள். காலை எட்டு மணிக்கு இடப்பக்கம், பத்துக்கு மல்லாக்க, பன்னிரண்டுக்கு வலப்பக்கம், இரண்டுக்கு இடப்பக்கம், நாலுக்கு மல்லாக்க. அண்ணி ஹோட்டலில் இருக்கும் நேரம் என்பதால் இந்த ஐந்தும் ஆரஞ்சு. சாயங்காலம் ஆறிலிருந்து மறுநாள் காலை ஆறு வரை மிச்சம் ஏழு. அவை எல்லாம் அண்ணி பெயரில்.

இன்னொன்று. அப்பாவின் முதுகையும் இடுப்பையும் அண்ணி பார்க்க முடியாது. டயப்பரை மாற்ற அண்ணி கிட்டே போனாலே அப்பா செயல்படுகிற இடது கையால் போர்வையை இறுக்கிப் பிடித்துக்கொள்வார், கண்ணில் நீர் வந்துவிடும். மருமகளிடம் அந்த ஒரு மானத்தையாவது காப்பாற்றிக்கொள்ள நினைத்தார். அதனால் துடைத்துவிடுவதும் டயப்பரும் பிள்ளைகள் பங்கு. 'முதுகு பார்க்கவும்: சிவப்பு இருக்கிறதா, இல்லையா?' என்று தினமும் ஒரு குட்டி. வாரநாளில் எனக்கு, ஞாயிற்றுக்கிழமை அண்ணனுக்கு. அண்ணனுக்கு அந்த வாடையே ஆகாது. "நீதான் தினமும் பாக்குறியே" என்று கதவருகில் நின்றே டிக் போட்டுவிடுவார்.

முதல் மாதம் ஒன்றுகூட விடாமல் திருப்பினேன். இதை யாராவது நம்ப வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். அப்பா எண்பத்து நாலு கிலோ. தோளுக்கடியில் ஒரு கை, இடுப்புக்கடியில் ஒரு கை, முழங்கால் இடுக்கில் தலையணை. ஒரு தடவைக்குப் பத்து நிமிஷம். மெத்தைக்கு வர்ணனை யோசித்துக்கொண்டிருக்கும்போது போன் கத்தும். போய்த் திருப்பிவிட்டு வந்தால் வந்த வாக்கியம் ஓடிப்போயிருக்கும்.

இரண்டாவது மாதம் ஒருநாள் பன்னிரண்டு மணியைத் தவறவிட்டேன். சிவப்பு விழுந்த ஐந்தாவது நிமிஷம் ஹோட்டலிலிருந்து அண்ணி. "தம்பி, பன்னெண்டு மணி என்னாச்சு?" குரலில் கோபமில்லை, அதுதான் எரிச்சலாக இருந்தது. அடுத்த முறை தவறியபோது சிவப்பாவதற்கு முன்பே டிக் போட்டேன். போட்டுவிட்டு எட்டிப் பார்த்தேன். அப்பா அப்படியே தூங்கிக்கொண்டிருந்தார். வானம் இடிந்து விழவில்லை. அந்த வாரத்தில் மூன்று பொய். அடுத்த வாரத்தில் அவ்வப்போது ஒரு நிஜம்.

ஒருவேளை அண்ணிக்கு மூக்கில் வேர்த்திருக்கலாம். மூன்றாவது மாதம் ஒவ்வொரு திருப்பலுக்கும் கீழே இன்னொரு வரி முளைத்தது. 'படத்தோடு. சுவர்க்கடிகாரம் தெரியணும்.' அன்று சாயங்காலம் என் முகத்தைப் பார்க்காமல், துணியை மடித்துக்கொண்டே, "உங்களை நம்பாம இல்ல தம்பி. ஹோட்டல் பழக்கம், கை தன்னால போட்டுடுச்சு" என்றார். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. பொய் சொல்கிறவனுக்கு, தன்னை நம்பவில்லை என்றால் வருகிற ரோஷம் இருக்கிறதே, அது நிஜமானவனுக்குக்கூட வராது.

மறுநாள் அண்ணி கிளம்பியதும் அந்த அறையின் திரையை இழுத்து மூடி விளக்கைப் போட்டேன். சுவர்க்கடிகாரத்தைக் கழற்றி முள்ளை எட்டில் வைத்து மாட்டினேன். அப்பாவை இடப்பக்கம் சாய்த்து ஒரு படம். கடிகாரத்தை மறுபடி கழற்றிப் பத்தில் வைத்தேன். மல்லாக்க ஒரு படம். பன்னிரண்டு, வலப்பக்கம். இரண்டு, இடப்பக்கம். நாலு, மல்லாக்க. படத்துக்குச் சும்மா சாய்த்தால் போதும் என்பதால் கால் மணி நேரத்தில் ஒரு பகல் முழுவதும் முடிந்துவிட்டது. கடிகாரத்தைச் சரியான நேரத்துக்கு மாற்றி மாட்டினேன். பிறகு அந்தந்த நேரத்துக்கு அந்தந்தப் படத்தை ஏற்றி டிக் போடுவது மட்டும்தான் வேலை. அப்பா காலை எட்டேகாலிலிருந்து அண்ணி வரும்வரை முதுகிலேயே கிடப்பார். தண்ணீரையும் குறைத்தேன். தண்ணீர் குறைந்தால் டயப்பர் குறையும். இதையெல்லாம் நான் அப்போது திறமை என்று நினைத்தேன்.

இதில் அப்பாவுக்கு ஏக சந்தோஷம். பிள்ளை காலையில் வந்து கால் மணி நேரம் தன்னோடு இருக்கிறான், தொடுகிறான், புரட்டுகிறான், படம் எடுக்கிறான். பாதி வாயால் சிரிப்பார். "போகலாம், போகலாம்" என்பார். அந்தச் சிரிப்போடுதான் எல்லாப் படமும் போகும். அண்ணி ஹோட்டலிலிருந்து ஒரு சிவப்பு இதயம் அனுப்புவார்.

அண்ணி லேசுப்பட்டவரா? டிக், படம், அதோடு மூன்றாவதாக இன்னொரு சோதனையும் வைத்திருந்தார். சாயங்காலம் வந்து செருப்பைக் கழற்றியதும் நேரே அப்பாவிடம் போய், "மாமா, தம்பி ஒழுங்கா திருப்பினாரா?" என்று கேட்பார். முதல்நாள் நானும் பின்னாலேயே போய் நின்றேன். அப்பா என்னைப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு அண்ணியைப் பார்த்து மெதுவாகத் தலையை ஆட்டினார். "போகலாம்."

அவருக்குப் பேச்சுத்தான் போயிருந்தது, புத்தி போகவில்லை. ஒரு காலை வேளையில் எட்டு மணி நாலாகிறதைக் கண்ணெதிரே பார்த்த மனிதர். ஒருதரம், முள்ளை நகர்த்திக்கொண்டிருந்த என் கையை இடது கை விரலால் சுட்டிக் காட்டினார். நான் சட்டை செய்யவில்லை. அதற்குப் பிறகு சுட்டவில்லை. அன்று சாயங்காலமும் அண்ணியிடம் எனக்காகத் தலையை ஆட்டினார்.

நாலாவது மாதக் கடைசியில் டயப்பர் மாற்றும்போது, முதுகெலும்பு முடிகிற இடத்தில் சிவப்பு தெரிந்தது. உள்ளங்கை அகலம். லிஸ்டில் 'இருக்கிறது' என்று போட்டால் அண்ணி அப்போதே ஆட்டோ பிடித்து வந்துவிடுவார். வந்தால் கேள்வி வரும், கேள்வி வந்தால் கடிகாரம் வரும். கழிப்பறைக்குப் பின்னால் விரலை விட்டுத் தடவிய அண்ணியின் முகம் என் கண்முன் வந்தது. பவுடர் போட்டேன். 'இல்லை' என்று டிக் போட்டேன். நாளையிலிருந்து ஒழுங்காகத் திருப்பிவிடலாம், யாருக்கும் தெரியாமல் ஆறிவிடும் என்று கணக்குப் போட்டேன். இரண்டு நாள் திருப்பவும் செய்தேன். மூன்றாம் நாள் ஒரு மெத்தைக் கம்பெனிக்கு அவசரம்.

பத்து நாளில் அந்த இடம் கருத்துவிட்டது. லிஸ்ட் என்ன கேட்கிறது? சிவப்பு இருக்கிறதா, இல்லையா? சிவப்பு இல்லை. கருப்புதான் இருக்கிறது. அன்றைக்கு 'இல்லை' என்று போட்டபோது, பத்து நாளில் முதல்முறையாக அந்த வரிக்கு உண்மையான டிக் போடுகிறோம் என்று எனக்குள் சிரிப்புகூட வந்தது. என்னைப் பற்றி நீங்கள் நினைப்பதை நானும் நினைத்தாயிற்று.

கருப்பு பிளந்து வாடை வந்தபோது ஊதுபத்தி ஏற்றினேன். அண்ணி கேட்டதற்கு, டயப்பர் கம்பெனி மாறியிருக்கிறது என்றேன். அவர் மூன்று வேறு டயப்பர் வாங்கி வந்து, வாடையைப் பற்றி லிஸ்டில் குறித்து வைத்தார். இரவு ஏழு முறை எழுந்து திருப்பிவிட்டு, காலையில் நாற்பத்திரண்டு அறைக்கு மேற்பார்வை பார்க்கப் போனார். அவருடைய ஏழும் நிஜம். காலையில் படம் எடுக்கும்போது அப்பா இப்போது சிரிப்பதில்லை. புரட்டினால் முகம் கோணியது. சிரிப்பில்லாத படம் போனால் அண்ணி போன் செய்வார்.

"சிரிங்கப்பா" என்றேன்.

அவர் சிரித்தார்.

ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகல் அப்பாவுக்குக் குளிர் ஜுரம் கண்டு கட்டிலே ஆடியது. நாலு மணிப் படம் ஏற்கெனவே கையில் இருந்தும் எனக்கு டிக் போடத் தோன்றவில்லை. ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். அண்ணி ஹோட்டல் சீருடையோடு நேரே ஆஸ்பத்திரிக்கு வந்தார்.

வார்டு நர்ஸ், வயதான அம்மா, அப்பாவை ஒருக்களித்துவிட்டுத் துணியை விலக்கினார். அங்கே ஒரு கை முஷ்டி போகிற அளவுக்குப் பள்ளம். அடியில் வெள்ளையாகத் தெரிந்தது எலும்பு. இந்த முறை அப்பாவுக்குப் போர்வையை இழுத்துக்கொள்ளத் தெம்பில்லை. அண்ணி முதல்முறையாக அதைப் பார்த்தார்.

"யாரும்மா வீட்ல பாத்துக்கிட்டது? மனுஷங்கதானே நீங்க? திருப்பவே இல்லையா?"

அண்ணி பையில் கையை விட்டுப் போனை எடுத்தார். "அப்படிச் சொல்லாதீங்க சிஸ்டர். ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பியிருக்கோம். ஒண்ணுகூட விடல. என் கொழுந்தன் பகலெல்லாம் பக்கத்துலயே இருக்காரு. பாருங்க, நேரத்தோட படம் இருக்கு." நான் அங்கேதான், சுவரோரம் நின்றிருந்தேன். அண்ணி எனக்காக வாதாடிக்கொண்டிருந்தார்.

நர்ஸ் போனைப் பார்க்கவே இல்லை. "படத்தை விடும்மா. முதுகு சொல்லுது" என்று சொல்லிவிட்டுப் பஞ்சை எடுக்கப் போனார்.

அண்ணி வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து படங்களைத் தள்ளிப் பார்க்கத் தொடங்கினார். வியாழன் எட்டு மணி. வியாழன் பத்து. பன்னிரண்டு. இரண்டு. நாலு. திரும்ப எட்டு. விரலால் படத்தைப் பெரிதாக்கினார். அப்பாவின் முகத்தையோ கடிகாரத்தையோ அல்ல. கட்டில் பக்கத்து முக்காலியில் இருந்த டம்ளரை. அதில் விளிம்புவரை தண்ணீர், சாய்ந்து நிற்கிற ஒரு ஸ்பூன். எட்டு மணிக்கு எங்கே இருந்ததோ நாலு மணிக்கும் தண்ணீர் அங்கேயே இருந்தது. ஸ்பூன் எந்தப் பக்கம் சாய்ந்திருந்ததோ அந்தப் பக்கமே சாய்ந்திருந்தது. புதனை விட்டுவிட்டார். அது அவருடைய விடுமுறை நாள், அன்றைக்குப் பகலிலும் அவரேதான் திருப்புவார். செவ்வாயைப் பார்த்தார். திங்கள். போன வாரம். அதற்கு முந்தின வாரம். நாற்பத்திரண்டு அறையில் ஒரு முடியைக் கண்டுபிடிக்கிற கண்.

கத்துவார் என்று நினைத்தேன். அறைந்திருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன். அவர் போனை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டு, எதிர்ச் சுவரைப் பார்த்து, தனக்குத்தானே சொல்வதுபோல், "நான் டம்ளரைப் பாக்கவே இல்ல. மாமா சிரிக்கிறாரேன்னு பாத்தேன்" என்றார்.

அப்பா அங்கே பத்தொன்பது நாள் கிடந்தார். அண்ணனிடம் அண்ணி எதையும் சொல்லவில்லை. சுகர்காரர்களுக்கு இப்படி ஆவதுண்டு என்று டாக்டர் பொதுவாகச் சொன்னதை அண்ணன் பிடித்துக்கொண்டார். கடைசி நாள் காலையில் புண்ணுக்கு மருந்து வைக்க நர்ஸோடு சேர்ந்து நான் அப்பாவை ஒருக்களித்துப் பிடித்திருந்தேன். பக்கத்தில் அண்ணி. அப்பா அண்ணியைப் பார்த்தார். யாரும் எதுவும் கேட்காமலே என் பக்கம் கண்ணைக் காட்டி மெதுவாகத் தலையை ஆட்டினார். தம்பி ஒழுங்காகத் திருப்புகிறான் என்று. அண்ணி எழுந்து வெளியே போய்விட்டார்.

காரியமெல்லாம் முடிந்து, வந்தவர்கள் போன பிறகு, அண்ணி அந்த அறைக்குள் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். கட்டிலில் வெறும் மெத்தை. நான் வாசற்படியில் நின்றேன்.

"நான் போயிடறேன் அண்ணி. வேற ரூம் பாத்துக்கறேன். அண்ணன்கிட்ட நானே சொல்லிடறேன்."

"எதுக்கு?"

"நீங்கதானே சொல்வீங்க. பொய் டிக் போட்டா..."

"அது ஹோட்டல். அங்க அனுப்பிடலாம். அனுப்பிட்டா அந்தப் பொண்ணு வேற எங்கேயாவது போய் வேற டாய்லெட் கழுவி மறந்துடுவா." போனைத் தட்டிக்கொண்டே பேசினார். "உங்களை எங்கேயும் அனுப்பப் போறதில்ல தம்பி. அண்ணன்கிட்டயும் சொல்ல வேணாம். அவருக்காவது ஒரு தம்பி இருக்கட்டும்."

அழுதுகொண்டு நன்றி சொல்லப் போனேன். அதற்குள் என் போன் சத்தம் போட்டது. எடுத்துப் பார்த்தேன். 'மாமா / அப்பா' என்ற பெரிசுக்குக் கீழே இருந்த மாத்திரை, கஞ்சி, டயப்பர், முதுகு எல்லாம் போயிருந்தன. அண்ணியின் இரவு ஏழும் போயிருந்தன. ஆரஞ்சு ஐந்து மட்டும் இருந்தன. தினமும். முடிவுத் தேதி என்கிற இடம் காலியாக இருந்தது.

"உங்க வேலை இன்னும் முடியல" என்றார் அண்ணி. "நான் இருக்கிற வரைக்கும் பாத்துக்கிட்டு இருப்பேன். செய்ங்க."

இரண்டு வருஷம் ஏழு மாதம் ஆகிறது. லிஸ்ட் அண்ணியுடையது. அதிலிருந்து ஒரு பொத்தானை அமுக்கி நான் வெளியேறிவிடலாம், யாரும் தடுக்கப்போவதில்லை. அமுக்கவில்லை. எட்டு, பத்து, பன்னிரண்டு, இரண்டு, நாலு. போன் கத்தும்போது எந்த வாக்கியத்தில் இருந்தாலும் பாதியில் விட்டுவிட்டு அந்த அறைக்குப் போகிறேன். வெறும் மெத்தையின்மேல் குனிந்து, தோளுக்கடியில் ஒரு கை, இடுப்புக்கடியில் ஒரு கை வைக்கிறேன். தலையணையை நகர்த்துகிறேன். கடிகாரம் தெரிய ஒரு படம் எடுக்கிறேன். அனுப்பிய இரண்டு நிமிஷத்தில், பார்த்தாயிற்று என்று செயலி காட்டும். அண்ணி ஒருநாளும் பதில் போடுவதில்லை. வீட்டில் சோறு போடுகிறார், துணியை மடித்து வைக்கிறார், "தம்பி, சாப்பிட்டீங்களா?" என்று கேட்கிறார். அண்ணன், எங்கள் இருவருக்கும் எவ்வளவு ஒற்றுமை என்று பார்ப்பவர்களிடம் எல்லாம் பெருமையடித்துக்கொள்கிறார்.

போன மாதம் ஜுரத்தில் படுத்திருந்தபோது ஒரே ஒருமுறை, "போதுமே அண்ணி" என்று சொல்லிப் பார்த்தேன். என் நெற்றியில் ஈரத்துணியைப் போட்டுக்கொண்டிருந்தார். "அவரால சொல்ல முடிஞ்சுதா தம்பி?" என்று கேட்டுவிட்டுத் துணியைத் திருப்பிப் போட்டார்.

மணி ஒன்று ஐம்பத்தெட்டு. இதை இங்கே நிறுத்த வேண்டும். இரண்டு மணிக்கு இடப்பக்கம். முக்காலியில் டம்ளர் இருக்கிறது, படத்துக்குப் படம் அதில் தண்ணீர் குறைந்திருக்க வேண்டும் என்பது அண்ணி பிறகு சேர்த்த வரி. அதை நான்தான் குடிக்கிறேன்.